அதிக ஆல்கஹால் பீர் காய்ச்சும்போது ஈஸ்ட்டைக் கையாள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

தொடக்க கிராவிட்டி (நொதிக்கும் முன் சர்க்கரைக் கரைசலின் அடர்த்தி, தண்ணீருக்கு 1.000) 1.080ஐத் தாண்டும் பீரை முதல்முறை காய்ச்சுகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். முதல் நான்கு நாள் நுரை பொங்கி வழியும். அப்புறம் அடங்கிவிடும். பத்தாம் நாள் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 1.040 காட்டும். மேலும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாலும் அதே 1.040. உடனே இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் வாங்கித் தூவுவார்கள், ஃபெர்மென்டரை (நொதிக்கும் பாத்திரத்தை) குலுக்குவார்கள். எதுவும் நகராது. கடைசியில் திகட்டும் இனிப்போடு ஒரு பீர் மிஞ்சும்.

கோளாறு பத்தாம் நாளில் தெரிந்தாலும் அது அன்று உண்டானது இல்லை. ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய வாரத்திலோ, போட்ட முதல் நாளிலோ உண்டானது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், ஈஸ்ட் வோர்ட்டில் (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றில்) விழுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்தான்.

சாதாரண பீரைச் சில தடவை காய்ச்சியிருக்கிறீர்கள், கழுவுவதும் சானிடைஸ் செய்வதும் பழகிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கணக்குகளுக்கெல்லாம் எடுத்துக்காட்டு 20 லிட்டர் வோர்ட், தொடக்க கிராவிட்டி 1.100. வீட்டில் பீர் காய்ச்ச உங்கள் இடத்துச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஈஸ்ட்டுக்கு இங்கே என்ன சிரமம்?

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரியும்.

அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. இது தொடக்கத்தில் வரும் தாக்குதல். நாளாக ஆக ஆல்கஹால் ஏறி, செல்லின் வெளிச்சவ்வைத் தளர்த்துகிறது. இது முடிவில் வரும் தாக்குதல். இரண்டையும் தாங்க வேண்டுமானால் சவ்வு உறுதியாக இருக்க வேண்டும். சவ்வை உறுதியாக்கும் ஸ்டீரால்களையும் நிறைவுறா கொழுப்பு அமிலங்களையும் ஈஸ்ட் தானே தயாரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும்.

ஒவ்வொரு முறை செல் இரண்டாகப் பிரியும்போதும் அந்தச் சேமிப்பும் இரண்டாகப் பங்கு போகிறது. குறைவான செல்களோடு தொடங்கினால் பல முறை பிரிய வேண்டிவரும். ஆல்கஹால் 7, 8 சதவீதத்தைத் தொடும் நேரத்தில் ஒவ்வொரு செல்லிடமும் மிஞ்சியிருக்கும் பங்கு போதாமல் போகும். 1.040ல் நிற்பதற்கு மிக அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

ஹைட்ரோமீட்டர், ஃபெர்மென்டரின் மேலேயே ஒட்டும் தெர்மோமீட்டர், வெப்பநிலையைக் கட்டுப்படுத்த ஏதாவது ஒரு வழி, கிராம் காட்டும் தராசு, ஈஸ்ட் நியூட்ரியன்ட், உலர்ந்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 300 கிராம், ஏர்லாக்குக்கு (வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்புக்கு) பதிலாக மாட்ட, நுரை வெளியேறும் அகலமான புளோ-ஆஃப் குழாய். ஸ்டிர் பிளேட் (குடுவையில் உள்ள திரவத்தைக் காந்தத்தால் சுழற்றும் கருவி) இருந்தால் நல்லது. ஆக்ஸிஜன் சிலிண்டரும், வாயுவை நுண்குமிழிகளாக்கும் 0.5 மைக்ரான் கல்லும் இருந்தால் மிக நல்லது. இந்த அளவு கிராவிட்டிக்கு எதையாவது புதிதாக வாங்குவதென்றால் நான் முதலில் சொல்வது ஆக்ஸிஜன் சிலிண்டர்தான். ஸ்டிர் பிளேட் இல்லாத குறையைக் கூடுதல் பாக்கெட் வாங்கிச் சரிக்கட்டிவிடலாம். ஆக்ஸிஜனுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

20 லிட்டர் வோர்ட்டுக்கு 27, 28 லிட்டர் கொள்ளும் ஃபெர்மென்டர் எடுங்கள். நுரைக்கு இடம் விடாவிட்டால் மூடியே தெறித்து விழும்.

காலக்கணக்கு: திரவ ஈஸ்ட் என்றால் காய்ச்சும் நாளுக்கு 6 நாள் முன்பே ஸ்டார்ட்டர் (ஈஸ்ட்டைப் பெருக்கும் சிறு அளவு வோர்ட்) தொடங்க வேண்டும். காய்ச்சும் நாளை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் வோர்ட் ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் ஈஸ்ட்டைப் பற்றி யோசிக்கிறார்கள்.

3. ஈஸ்ட் வகையைத் தேர்ந்தெடுங்கள்

பாக்கெட்டில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: ஆல்கஹால் தாங்கும் அளவு, அட்டெனுவேஷன் சதவீதம் (சர்க்கரையில் எவ்வளவு நொதிக்கும் என்பது), எவ்வளவு சீக்கிரம் அடியில் படிகிறது. உங்கள் பீர் 10 சதவீதம் வரப்போகிறதென்றால் 12ஐத் தாங்கும் வகையை எடுங்கள். எல்லையிலேயே இருக்கும் வகை கடைசிக் கட்டத்தில் இழுத்தடிக்கும்.

உலர் ஈஸ்ட்டில் நாட்டிங்ஹாமும் சாஃப்ஏல் யூஎஸ்-05ம் நம்பகமானவை. திரவ வகைகளில் வயீஸ்ட் 1728 ஸ்காட்டிஷ் ஏல் குளிர்ச்சியிலும் சுத்தமாக வேலை செய்யும், ஆல்கஹாலையும் தாங்கும். பெல்ஜிய பாணிக்கு வயீஸ்ட் 3787. ஒயிட் லேப்ஸின் டபிள்யூஎல்பி 099 இன்னும் உயர்ந்த அளவுகளுக்கானது. 10 சதவீத பீருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

வேகமாகப் படியும் ஆங்கில வகைகளைத் தவிர்க்கச் சொல்வேன். சுவை அருமையாக இருக்கும், ஆனால் வேலை முடியும் முன்பே அடியில் போய்ப் படுத்துவிடும். வின்ட்சர் போன்ற சில வகைகளுக்கு மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையை உண்ணவே முடியாது. அந்த மிச்சம் சாதாரண பீரில் பெரிதாகத் தெரியாது, இங்கே நன்றாகவே தெரியும்.

ஒயின் ஈஸ்ட் 18 சதவீதம் தாங்குகிறதே, அதையே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இசி-1118 போன்ற ஒயின் ஈஸ்ட்டுகளுக்கும் மால்டோட்ரையோஸ் செரிக்காது. போதாததற்கு, அது சுரக்கும் நச்சுப்புரதம் பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகளைக் கொன்றுவிடும். முதன்மை நொதித்தலில் அதற்கு இடமில்லை.

4. எத்தனை செல்கள் வேண்டும் என்று கணக்கிடுங்கள்

முதலில் கிராவிட்டியை பிளேட்டோவுக்கு (எடையில் சர்க்கரையின் சதவீதத்துக்கு) மாற்றுங்கள். புள்ளிக்குப் பின் உள்ள எண்ணை 4ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிடைக்கும். 1.048 என்றால் 12. 1.100க்கு 25 என்று வரும், சரியான மதிப்பு 24க்குச் சற்றுக் குறைவு. கணக்குக்கு 24 என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண ஏலுக்கு (சற்றுச் சூட்டில் நொதிக்கும் பீர்) ஒரு மில்லி வோர்ட்டுக்கு, ஒரு பிளேட்டோவுக்கு 7.5 லட்சம் செல்கள் போதும். அதிக கிராவிட்டிக்கு 10 லட்சம் எடுத்துக்கொள்ளுங்கள். லாகர் (குளிர்ச்சியில் நொதிக்கும் பீர்) என்றால் இதைப்போல் இரண்டு மடங்கு.

நம் எடுத்துக்காட்டில்: 20,000 மில்லி × 24 × 10 லட்சம் = 48,000 கோடி செல்கள்.

இதே 20 லிட்டரில் 1.048 பீருக்கு 18,000 கோடி போதும். கிராவிட்டி இரண்டு மடங்குதான் ஏறியது, செல் தேவையோ இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. "வழக்கமாக ஒரு பாக்கெட் போடுவேன், இதற்கு இரண்டு போட்டுவிட்டேன்" என்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

புதிய திரவ ஈஸ்ட் பாக்கெட்டில் வழக்கமாக 10,000 கோடி செல்கள் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செத்துப்போவதாக வைத்துக் கணக்கிடுவது வழக்கம். இரண்டு மாதப் பழைய பாக்கெட்டில் சுமார் 6,000 கோடி உயிரோடு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேவையில் அது எட்டில் ஒரு பங்கு.

5. ஈஸ்ட்டைப் பெருக்குங்கள்

இதற்கு மூன்று வழி உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முதல் வழி: இரண்டு படி ஸ்டார்ட்டர்

ஒரு லிட்டருக்கு 100 கிராம் உலர்ந்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட். இது 1.036 முதல் 1.040க்குள் வரும். 10 நிமிடம் கொதிக்கவைத்து, சிட்டிகை நியூட்ரியன்ட் சேர்த்து, 22 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டு ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும்.

ஸ்டிர் பிளேட்டில் சுழன்றுகொண்டே இருந்தால் ஒரு கிராம் எக்ஸ்ட்ராக்ட்டுக்கு ஏறக்குறைய 140 கோடி புதிய செல்கள் பிறக்கும். முதல் படியில் 1 லிட்டர்: நம் 6,000 கோடியோடு 14,000 கோடி சேர்ந்து 20,000 கோடி ஆகும். ஒரு நாளில் முடிந்துவிடும். ஒரு நாள் குளிரில் வைத்து, மேலே தெளிந்த திரவத்தை ஊற்றிவிட்டு, இரண்டாம் படியில் 2 லிட்டர் புதிய வோர்ட் ஊற்றுங்கள். இன்னொரு 28,000 கோடி சேரும். மொத்தம் 48,000 கோடி.

இரண்டாம் படி முதல் படியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். முதலில் 2 லிட்டர் செய்துவிட்டு அடுத்து 1 லிட்டர் ஊற்றினால் மொத்த எக்ஸ்ட்ராக்ட் அதே 300 கிராம்தான், ஆனால் பலன் அதே அளவு வராது. கூட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில் சிறிதளவு சர்க்கரையை ஊற்றினால் செல்கள் அதை ஆல்கஹாலாக மாற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடும். பெருகாது.

ஸ்டிர் பிளேட் இல்லாமல், போகும்போதும் வரும்போதும் கையால் குலுக்கினால் பெருக்கம் பாதிக்கும் கீழே போகும். அப்போது இரண்டு பாக்கெட்டோடு தொடங்குங்கள், அளவையும் கூட்டுங்கள்.

முடிந்ததும் ஒன்றிரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஈஸ்ட் அடியில் கெட்டியாகப் படியும். மேலே உள்ள திரவம் காற்றடித்த, சுவை கெட்ட பீர். 2 லிட்டரை அப்படியே 20 லிட்டரில் கொட்டினால் சுவையும் கெடும், கிராவிட்டியும் குறையும். அதை ஊற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒரு தவறான யோசனை பரவலாக இருக்கிறது: கடினமான வோர்ட்டுக்குப் பழக்கவேண்டும் என்று ஸ்டார்ட்டரையே 1.080ல் செய்வது. ஸ்டார்ட்டர் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடம். அங்கேயே சிரமப்படுத்தினால் களைத்துப்போன செல்கள்தான் கிடைக்கும்.

இரண்டாம் வழி: முதலில் ஒரு லேசான பீர்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. அதே ஈஸ்ட்டில் 1.040 முதல் 1.050க்குள் ஒரு வெளிர் நிற பீர் காய்ச்சுங்கள். ஹாப்ஸ் குறைவாக இருக்கட்டும், ஏனென்றால் ஹாப்ஸின் பிசின் செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பீர் முடிந்ததும் அதைப் பாட்டிலில் அடைத்துவிட்டு, அடியில் உள்ள ஸ்லரியை (ஈஸ்ட் குழம்பை) சானிடைஸ் செய்த ஜாடியில் எடுங்கள்.

நன்றாகப் படிந்த கெட்டி ஸ்லரியில் ஒரு மில்லிக்குத் தோராயமாக 100 கோடி செல்கள் இருக்கும். நமக்கு அரை லிட்டர் போதும். ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள், அதே நாள் என்றால் இன்னும் நல்லது.

புது வோர்ட்டை நேராகப் பழைய ஃபெர்மென்டரில் ஊற்றிவிடுவது பலர் செய்வது. நொதிக்கும், சந்தேகமில்லை. ஆனால் தேவைக்கு மேல் ஈஸ்ட், செத்த செல்கள், ஹாப்ஸ் கசடு எல்லாம் சேர்ந்தே போகும். வெப்பமும் கட்டுக்கடங்காமல் ஏறும். அளந்து எடுப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

மூன்றாம் வழி: உலர் ஈஸ்ட்

ஒரு கிராமில் 1,000 முதல் 2,000 கோடி செல்கள்வரை இருக்கலாம். 11.5 கிராம் பாக்கெட் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். உலர் ஈஸ்ட்டுக்கு ஸ்டார்ட்டர் வேண்டாம். தொழிற்சாலையிலேயே ஸ்டீரால் சேமிப்போடு வருகிறது, ஸ்டார்ட்டரில் அந்தச் சேமிப்பைச் செலவழித்துவிடும்.

சாதாரண பீரில் உலர் ஈஸ்ட்டை நேராகத் தூவலாம். இங்கே தூவாதீர்கள். காய்ந்த செல் நீரை உறிஞ்சும் முதல் சில நிமிடங்களில் அதன் சவ்வால் எதையும் தடுக்க முடியாது. அடர்ந்த சர்க்கரை உள்ளே புகுந்தால் பெரும் பகுதி அங்கேயே செத்துவிடும்.

ஈஸ்ட்டின் எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீர் எடுங்கள். மூன்று பாக்கெட்டுக்கு 350 மில்லி. கொதிக்கவைத்து 35 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். பாக்கெட்டில் வேறு வெப்பநிலை போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தாது நீக்கிய நீர் வேண்டாம். மேலாகத் தூவி 15 நிமிடம் தொடாமல் விடுங்கள், பின்பு மெதுவாகக் கிளறி இன்னும் 5 நிமிடம் விடுங்கள். குளிர்ந்த வோர்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து நிமிட இடைவெளியில் கலந்து வெப்பநிலையை இறக்குங்கள். வோர்ட்டுக்கும் ஈஸ்ட்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் ஃபெர்மென்டரில் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் சேமிப்பு கரைய ஆரம்பிக்கும்.

6. ஈஸ்ட் உண்ணக்கூடிய வோர்ட்டைத் தயாரியுங்கள்

எவ்வளவு ஆரோக்கியமான ஈஸ்ட்டாக இருந்தாலும் நொதிக்க முடியாத சர்க்கரையை நொதிக்கவைக்காது. மாஷை (சூடான நீரில் ஊறும் மால்ட்டை) 64, 65 டிகிரியில் வைத்து 75 முதல் 90 நிமிடம் விடுங்கள். இந்த வெப்பநிலையில் பீட்டா அமைலேஸ் என்ற நொதி நன்றாக வேலை செய்து மால்டோஸை அதிகம் தரும். 68 டிகிரியில் மாஷ் செய்த 1.100 வோர்ட் 1.035ல் நின்றால் அதற்கு ஈஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது.

கிரிஸ்டல் மால்ட்டை வழக்கத்தைவிடக் குறையுங்கள். இவ்வளவு மால்ட் சேரும்போது இனிப்பும் கனமும் தானாகவே வந்துவிடும். எக்ஸ்ட்ராக்ட்டில் காய்ச்சுபவர்களுக்கு மாஷ் கையில் இல்லை. மொத்த சர்க்கரையில் 10 முதல் 20 சதவீதத்தைச் சாதாரண வெள்ளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அதை இப்போது சேர்க்காதீர்கள். அது 9ஆம் படியில் வரும்.

கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது ஈஸ்ட் நியூட்ரியன்ட் சேர்க்க வேண்டும். மால்ட் வோர்ட்டில் நைட்ரஜன் பொதுவாகப் போதுமான அளவு இருக்கும், குறைவது துத்தநாகம். அதனால் நைட்ரஜன் தரும் வெறும் டிஏபி உப்பைவிட, துத்தநாகமும் வைட்டமின்களும் கலந்த நியூட்ரியன்ட்டைத் தேடி வாங்குங்கள். அளவு பாக்கெட்டில் சொன்னபடி. தேன் மது காய்ச்சுபவர்கள் தினமும் நியூட்ரியன்ட் ஊட்டுவார்கள். தேனில் நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் அங்கே அது தேவை. பீருக்கு அந்த வழக்கம் வேண்டாம்.

வோர்ட் ஆறியதும் ஒரு வேலை செய்துவிடுங்கள். பிரதான வோர்ட்டிலிருந்து 250 மில்லியைச் சுத்தமான குடுவையில் எடுத்து, அளவுக்கு மிஞ்சி ஈஸ்ட் போட்டு, 25 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் வைத்து அடிக்கடி குலுக்குங்கள். சில நாட்களில் அது நொதித்து முடிந்துவிடும். அதன் கடைசி கிராவிட்டிதான் இந்த வோர்ட் இறங்கக்கூடிய எல்லை. மூன்று வாரம் கழித்து "நின்றுவிட்டதா, முடிந்துவிட்டதா" என்று குழம்பும்போது இந்தக் குடுவை பதில் சொல்லும். சொல்லிக்கொடுத்தாலும் பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடும் படி இது.

7. ஆக்ஸிஜன் கொடுங்கள், இரண்டு தடவை

சாதாரண பீருக்கு லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் ஆக்ஸிஜன் போதும். இங்கே 12க்கு மேல் இருந்தால் நல்லது. ஃபெர்மென்டரை எவ்வளவு குலுக்கினாலும் வெறும் காற்றால் 8ஐத் தாண்ட முடியாது. வோர்ட் அடர்த்தியாக ஆக ஆக்ஸிஜன் கரைவதும் குறைகிறது. தேவை கூடும் இடத்தில் கிடைப்பது குறைகிறது, அதனால்தான் சிலிண்டருக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

0.5 மைக்ரான் கல்லை அடிவரை இறக்கி, நிமிடத்துக்கு 1 லிட்டர் வேகத்தில் 90 வினாடி விடுங்கள். குமிழிகள் மேலே வந்து பெரிதாக உடைந்தால் வேகம் அதிகம், குறையுங்கள். ஆக்ஸிஜன் பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது.

ஈஸ்ட் போட்டு 12 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை, 45 முதல் 60 வினாடி. முதல் ஆக்ஸிஜனைச் செல்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உறிஞ்சிவிடும். முதல் சுற்று பிரிந்தபின் பிறந்த செல்களுக்கும் பங்கு வேண்டும், அதற்காகத்தான் இரண்டாவது தடவை. 18 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு கொடுக்கும் ஆக்ஸிஜன் பீரைத்தான் கெடுக்கும், பழைய அட்டை போன்ற வாடை வரும்.

சிலிண்டர் இல்லாதவர்கள் ஈஸ்ட் போடும் முன் நன்றாகக் குலுக்கிவிட்டு, முதல் 12 மணி நேரத்தில் இன்னும் இரண்டு மூன்று முறை குலுக்குங்கள். 1.085 வரைக்கும் இப்படிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் உலர் ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு, அது சேமிப்போடு வருகிறது.

8. முதல் மூன்று நாள் குளிர்ச்சியாக வைத்திருங்கள்

பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகளுக்கு 17, 18 டிகிரியில் தொடங்குங்கள். அளக்க வேண்டியது அறையின் வெப்பநிலையை இல்லை, வோர்ட்டின் வெப்பநிலையை. இவ்வளவு சர்க்கரை நொதிக்கும்போது உள்ளே வெளியைவிட 5 டிகிரிக்கு மேல்கூட ஏறும். அறை 20 டிகிரி என்று நிம்மதியாக இருந்தால் வோர்ட் 26ல் கொதித்துக்கொண்டிருக்கும்.

தொண்டையில் எரியும் ஃபியூசல் ஆல்கஹால்கள் பெரும்பாலும் ஈஸ்ட் பெருகும் இந்த முதல் 72 மணி நேரத்தில்தான் உருவாகின்றன. பல மாதம் பதப்படுத்தினாலும் அவை முழுதாகப் போகாது. அதனால் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தியோ, ஐஸ் பாட்டில்களைச் சுற்றி வைத்தோ, தெர்மோஸ்டாட் மாட்டிய குளிர்பெட்டியில் வைத்தோ இந்த மூன்று நாளையாவது கட்டுக்குள் வைத்திருங்கள்.

ஏர்லாக்கை எடுத்துவிட்டு புளோ-ஆஃப் குழாயை மாட்டி, மறுமுனையை சானிடைசர் நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

9. சர்க்கரையைப் பின்னால் சேருங்கள்

20 லிட்டரில் 1 கிலோ சர்க்கரை ஏறக்குறைய 19 புள்ளி (0.019) கூட்டும். நம் எடுத்துக்காட்டில் மால்ட் வோர்ட் 1.081ல் தொடங்கி, சர்க்கரையோடு 1.100 கணக்காகிறது. செல் எண்ணிக்கையை மட்டும் 1.100க்கே கணக்கிட வேண்டும்.

எல்லாவற்றையும் கொதியிலேயே போட்டால் என்ன? வெள்ளைச் சர்க்கரையிலிருந்து வரும் குளுக்கோஸ் நிறைய இருக்கும்வரை ஈஸ்ட் மால்டோஸை உள்ளே எடுக்கும் வழியை மூடி வைத்திருக்கும். எளிதானதைத் தின்று முடித்துவிட்டு, ஆல்கஹால் ஏறியபின் கடினமான வேலைக்குத் திரும்ப வேண்டும். பாதியில் நிற்பதற்கு அது ஒரு வழி. தொடக்க அடர்த்தி குறைவதும் ஈஸ்ட்டுக்கு நல்லது.

மூன்றாம், நான்காம் நாளில் நுரை இறங்கத் தொடங்கும்போது ஆரம்பியுங்கள். சர்க்கரையை அதன் பாதி எடைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, முழுதாக ஆறவிட்டு, 300 கிராம் அளவு வரும்படி தினம் ஒரு பங்கு மெதுவாக ஊற்றுங்கள். காய்ந்த சர்க்கரையை அப்படியே கொட்டினால் பீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்ஸைடு ஒரேயடியாகக் கிளம்பி, நுரை கூரைவரை பீறிடும்.

10. முடிவு நெருங்கும்போது வெப்பத்தைக் கூட்டுங்கள்

நான்காம் நாளிலிருந்து தினம் ஒரு டிகிரி ஏற்றி 21, 22ல் நிறுத்துங்கள். இப்போது ஃபியூசல் பயம் குறைவு. பெரிய பயம் வேறு: நொதித்தல் தணிந்ததும் வோர்ட்டின் வெப்பமும் தானாக விழும், அந்தக் குளிர்ச்சியில் ஈஸ்ட் படிந்துவிடும். முதல் வாரம் குளிர்வித்தவர்கள் இரண்டாம் வாரம் சூடாக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

ஏர்லாக் குமிழியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாதிரி எடுத்து, வாயு போகக் கிளறி, 20 டிகிரியில் ஹைட்ரோமீட்டரால் அளவிடுங்கள். ஒளி விலகலை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஆல்கஹால் கலந்த திரவத்தில் உண்மையைவிட உயரமாகக் காட்டும். "நின்றுபோய்விட்டது" என்று பதறி வந்தவர்களில் சிலருக்குக் கருவியை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

1.100ல் தொடங்கிய பீர் 76 சதவீத அட்டெனுவேஷனில் 1.024ல் முடியும். ஆல்கஹால் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1.024 என்பது சாதாரண பீரில் கோளாறு, இங்கே வெற்றி. இதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் நல்ல பீரைத் தேவையில்லாமல் "சரிசெய்யும்" வேலை மிச்சம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அளவும் ஒன்றாக இருந்து, 6ஆம் படியின் குடுவையோடும் ஒத்துப்போனால் முடிந்துவிட்டது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம்.

11. உண்மையிலேயே நின்றுபோனால்

குடுவை 1.024 காட்டுகிறது, ஃபெர்மென்டர் 1.040ல் அசையாமல் நிற்கிறது. அப்போது இந்த வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து நாள் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் 22, 23 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அடுத்து, மூடியைத் திறக்காமல் ஃபெர்மென்டரை மெதுவாகச் சுழற்றி அடியில் படிந்த ஈஸ்ட்டை எழுப்புங்கள். சலசலக்கும்படி குலுக்கக் கூடாது.

அதுவும் பலிக்காவிட்டால் புது ஈஸ்ட். 8 சதவீத ஆல்கஹாலில் உலர் ஈஸ்ட்டைத் தூவினால் அது விழித்துக்கொள்ளும் முன்பே செத்துவிடும். ஆல்கஹால் தாங்கும் ஏல் வகையில் 1 லிட்டர் ஸ்டார்ட்டர் செய்யுங்கள். அது நுரை உச்சத்தில் இருக்கும்போது நின்றுபோன பீரை 250 மில்லி கலந்து சில மணி நேரம் விடுங்கள். மறுபடி நுரைத்ததும் அரை லிட்டர். மறுபடி நுரைத்தால் முழுவதையும் ஃபெர்மென்டரில் ஊற்றிவிடலாம். இங்கே ஸ்டார்ட்டரைக் குளிரில் படியவைக்கக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்ப்பதுதான் முக்கியம்.

குளுக்கோஅமைலேஸ் நொதியைப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஈஸ்ட் உண்ணாத டெக்ஸ்ட்ரின்களையும் அது உடைத்துவிடும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பீர் உடம்பில்லாமல் வறண்டுபோகலாம். நான் பரிந்துரைப்பதில்லை.

12. பாட்டிலில் அடைக்கும்போது மறுபடி ஈஸ்ட்

சில மாதம் பதப்படுத்தப் போகிறீர்கள் என்றால் நொதித்தல் முடிந்த நான்கு வாரத்துக்குள் பீரை ஈஸ்ட் படிவிலிருந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அதுவும் விளிம்புவரை நிரப்பி. அதிக ஆல்கஹாலில் சாகும் செல்கள் உடைந்து சோயா சாஸ் போன்ற சுவையை விடும். அந்தப் படிவை அடுத்த பீருக்கு எடுத்துவைக்காதீர்கள், களைத்துப்போன ஈஸ்ட் அது.

பாட்டில் நாளில் புது ஈஸ்ட் தேவை. மிச்சமிருக்கும் செல்களால் 10 சதவீத ஆல்கஹாலில் வாயு ஏற்ற முடியாது. பாட்டிலில் வாயு ஏற்றுவதற்கான சிபிசி-1 ஈஸ்ட் அல்லது இசி-1118, 20 லிட்டருக்கு 2 கிராம். 5ஆம் படியில் சொன்னதுபோல் நீரில் ஊறவைத்துக் கலக்க வேண்டும். முன்பு ஒதுக்கிய ஒயின் ஈஸ்ட் இங்கே பொருத்தமானது: மிஞ்சிய மால்டோட்ரையோஸை அது தொடாது என்பதால் பாட்டிலில் அழுத்தம் எகிறாது. சர்க்கரை லிட்டருக்கு 5.5 கிராம், 20 லிட்டருக்கு 110 கிராம்.

நொதித்தல் முடிந்தது உறுதியாகாமல் பாட்டிலில் அடைக்கவே அடைக்காதீர்கள். புது ஈஸ்ட் சேரும்போது மிச்ச மால்டோஸ் மறுபடி நொதிக்கத் தொடங்கும், பாட்டில் வெடிக்கும். கண்ணாடித் துண்டுகள் விளையாட்டில்லை.

20 முதல் 22 டிகிரியில் நான்கு வாரம் வைத்து ஒரு பாட்டிலைக் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். வாயு குறைவாக இருந்தால் மற்ற பாட்டில்களை ஒரு முறை தலைகீழாகத் திருப்பி ஈஸ்ட்டைக் கலக்கிவிட்டு, அதே சூட்டில் இன்னும் ஒரு மாதம் விடுங்கள். வாயு சரியாக ஏறியபின்தான் குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும்.